பேய்க்குக் கதவு திறந்த இரவு

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்பது நம் பழமொழி. அக்டோபர் 31-ஆம் நாள் இரவில் மேலைநாட்டுச் சிறுவர்கள் தாமே பேய்வேடம் பூண்டு, வீடுதோறும் சென்று மிட்டாய் கேட்கின்றனர். இதுவே ஹாலோவீன் விழா. இதனை வீண் கூத்து என்றே நானும் எண்ணியிருந்தேன். பேயில் எனக்கு அன்றும் நம்பிக்கையில்லை, இன்றும் இல்லை. ஆனால் விழாவைப் பற்றிய என் கருத்து மாறிவிட்டது.

அயர்லாந்தின் பழங்குடியினரான கெல்டியருக்கு அது அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் வேளை. அன்று மாண்டோர் தம் இல்லம் தேடி வருவர் என்று அம்மக்கள் நம்பினர். 9-ஆம் நூற்றாண்டளவில் திருச்சபை நவம்பர் 1-ஐ அனைத்துப் புனிதர் திருநாளாக்கியது. பின்னர் நவம்பர் 2 இறந்தோர் நினைவுநாளாயிற்று. புனிதர் நாளுக்கு முந்தைய மாலை என்பதே ஹாலோவீன் என்னும் சொல்லின் பொருள். இங்கிலாந்தில் ஏழைகள் வீடுதோறும் சென்று, இறந்தோருக்காகச் செபித்து அப்பம் பெற்றனர். அயர்லாந்தினர் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கேற்றினர். 1845-இல் தொடங்கிய பஞ்சத்தால் பல்லாயிரவர் அமெரிக்கா சென்றனர். அங்கே பரங்கிக்காய் விளக்காயிற்று.

இன்று இது வணிகர் விழாவாகிவிட்டது என்பர். உண்மைதான். எனினும் 1950-இல் பிலடெல்பியாச் சிறுவர்கள் அதே இரவில் உலகக் குழந்தைகளுக்காக யூனிசெஃப் நிறுவனத்திற்குக் காசு திரட்டினர். விழாவின் பெருமை கொண்டாடுவோர் கையில் அன்றோ இருக்கிறது!

எங்கள் பாட்டி மறைந்தபின் வீட்டில் எவரும் அவர் பேச்சை எடுப்பதில்லை. அவர் இருந்த அறைக்குள் இரவில் நுழையத் தம்பி அஞ்சினான். மடியிலிருத்திக் கதை சொன்னவர், மறைந்ததும் பேயாகிவிட்டாரா? சென்ற நவம்பர் 2-ஆம் நாள், கல்லறைத் திருநாளன்று, கிறித்தவ நண்பன் ஒருவனோடு கல்லறைத் தோட்டத்திற்குச் சென்றேன். சின்னஞ்சிறு பிள்ளைகள் தாத்தாவின் கல்லறைமேல் பூவிட்டு, மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தனர். அவர்கள் முகத்தில் அச்சமில்லை.

அப்போதுதான் உணர்ந்தேன்: இறந்தோரைப் பற்றிப் பேசாத வீட்டில்தான் பேய் குடியேறுகிறது. ஹாலோவீனின் முகமூடி நமக்கு வேண்டாம். ஆனால் அச்சத்தைச் சிரித்து விரட்டவும், மறைந்தோரை அன்போடு நினைக்கவும், வாசலில் வந்து நிற்பவனுக்கு ஈயவும் அவ்விழா கற்றுத்தருவதை ஏன் தள்ள வேண்டும்?

அன்றிரவு தம்பியை அந்த அறைக்கு அழைத்துச் சென்று, பாட்டி சொன்ன கதையொன்றைச் சொன்னேன். பாதியில் அவன் குறுக்கிட்டான்: "பாட்டி இப்படிச் சொல்லமாட்டாங்க, அண்ணா!"