க்ளூ அப்பா

எங்கள் வீட்டு ஹாலில் இரண்டு மாதமாக ஒரு மொட்டைத் தலை ஆசாமி குடியிருந்தார். ஓங்குதாங்கான உடம்பு. தாடி. நெற்றியிலிருந்து கண் வழியாக இறங்கும் சிவப்புக் கோடு. கையில் கோடாலி. ராத்திரி எட்டரைக்கு என் தர்மபத்தினி சீரியல் பார்க்க உட்கார்ந்தால், டி.வி.யில் மாமியாருக்குப் பதில் இவர் நின்றுகொண்டு உறுமுவார்.

"ரெண்டும் ஒண்ணுதானே!" என்றேன். முறைத்தாள்.

ஆசாமியின் பெயர் க்ரேடோஸ். 'காட் ஆஃப் வார்' என்கிற வீடியோ கேமின் கதாநாயகர். கலிஃபோர்னியாவில் ஸோனிக்குச் சொந்தமான ஸான்டா மோனிகா ஸ்டூடியோ 2005-ல் பெற்றுப் போட்ட பிள்ளை. ஆரம்பத்தில் கிரேக்க புராணத்தில் உத்தியோகம். 2010-ல் மூன்றாம் பாகம் முடிவதற்குள் ஸ்யூஸ் உள்பட ஒலிம்பஸ் மலைக் கடவுள்களில் பெரும்பாலோரைத் தீர்த்துக் கட்டிவிட்டார். அடிக்க ஆள் இல்லாததால் 2018-ல் வடக்கே ட்ரான்ஸ்ஃபர் வாங்கிக்கொண்டு ஸ்காண்டிநேவிய புராணத்துக்குக் குடிபெயர்ந்தார். இந்தத் தடவை குடும்பஸ்தர். மனைவி காலமாகி, அட்ரியஸ் என்று ஒரு சின்னப் பையன். அந்தக் கதையின் தொடர்ச்சிதான் 2022 நவம்பர் 9-ல் வந்த 'ராக்னராக்'. முதல் வாரத்தில் 51 லட்சம் விற்றது. அடுத்த வருஷம் நவம்பருக்குள் ஒன்றரைக் கோடி.

அந்த ஒன்றரைக் கோடியில் என் மகன் சேர்த்தியில்லை. விலை இறங்குகிற வரைக்கும் காத்திருந்து வாங்கினான். ரிடயர்டு பாங்க் ஆபீஸர் பெற்ற பிள்ளை!

சனிக்கிழமை சாயங்காலங்களில் எங்கள் ஹாலில் இந்த விளையாட்டைப் பற்றிப் பட்டிமன்றம் நடக்கும். பையனின் நண்பர்கள் இருவர் - ஒருவன் தாடி, இன்னொருவன் கண்ணாடி - அப்புறம் என் தங்கை மகள். நான் பேப்பர் படிப்பதுபோல் உட்கார்ந்திருப்பேன். பேப்பர் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

முதல் விவாதம் தோரின் தொப்பை.

"இடி தேவன்னா எப்படி இருக்கணும்? சினிமால பாத்திருக்கோமே, சும்மா சிக்ஸ் பேக்! இதுல பார், கல்யாணச் சமையல்காரர் மாதிரி வெச்சிருக்கான்" என்றான் கண்ணாடி.

இது அவன் ஒருவனின் அபிப்பிராயமல்ல. படத்தை முதலில் வெளியிட்டபோதே உலகம் பூராவும் இந்தத் தொப்பையைப் பற்றிச் சர்ச்சை நடந்திருக்கிறது. ஆனால் பழைய நார்ஸ் பாடல் ஒன்றில் இதே தோர், களவு போன சுத்தியலை மீட்க மணப்பெண் வேஷம் போட்டுக்கொண்டு அரக்கன் வீட்டுக்குப் போகிறார். போன இடத்தில் விருந்தில் ஒரு முழு எருதையும் எட்டு ஸால்மன் மீனையும் காலி பண்ணிவிட்டு, மூன்று பீப்பாய் மதுவைக் குடிக்கிறார். அப்படிச் சாப்பிடுகிறவருக்குத் தொப்பை இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். நம்ம பீமசேனனுக்கே 'விருகோதரன்' என்று ஒரு பெயர் உண்டு. ஓநாய் வயிறன் என்று அர்த்தம். பலசாலியின் பலம் முதலில் பந்தியில்தான் தெரியும்.

இதைப் பேப்பருக்குப் பின்னாலிருந்து சொன்னேன்.

"அப்பா, ப்ளீஸ்" என்றான் மகன்.

அடுத்தது, ஆரம்பச் சண்டை. இதில் கருத்து வேற்றுமையே இல்லை. புயலடிக்கும் ராத்திரியில் தோர் நேராக வீட்டுக்கே வந்து, சுத்தியலை மேஜைமேல் வைத்துவிட்டு உட்காருகிறார். பிறகு வெளியே கூட்டிப்போய் அடிக்கிற அடியில் க்ரேடோஸ் செத்தே போய்விடுகிறார். திரையில் வழக்கமாக வரும் மரண அறிவிப்பும் வந்துவிடுகிறது.

"நான் கன்ட்ரோலரைக் கீழ வெச்சிட்டேன்டா! அப்புறம் பாத்தா, 'அதுக்குள்ள ஓடிப் போகலாம்னு பாக்கறியா'ங்கற மாதிரி தோரே மின்னலால ஒரு போடு போட்டு உசுர் கொடுக்கறான்" என்றான் தாடி, உணர்ச்சிவசப்பட்டு. மூன்று பேரும் தலையாட்டினார்கள்.

கடைசி யுத்தம்தான் ஏமாற்றமாம். "கேம் பூரா ராக்னராக், ராக்னராக்னு பில்டப்பு. கடைசில பாத்தா, பொட்டுனு முடிஞ்சிருது." ஊரே கூடி மூன்று மாதம் ஏற்பாடு பண்ணிய கல்யாணத்தில் முகூர்த்தம் மட்டும் கால் மணியில் முடிவதில்லையா, அதுபோல. இதற்கும் காரணம் சொல்கிறார்கள். மூன்று பாகமாக எடுத்தால் ஒரு கதைக்கே பதினைந்து வருஷம் ஓடிவிடும் என்று, வடக்குப் புராணத்தை இரண்டு பாகத்தோடு முடிக்க முடிவு செய்தார்களாம். நம் டி.வி. சீரியல் தயாரிப்பாளர்கள் காதில் இந்த விஷயம் எப்படியாவது விழவேண்டும்.

அப்புறம் 'அயர்ன்வுட்'. அங்கே அட்ரியஸ் ஒரு பெண்ணைச் சந்திக்கிறான். இருவரும் எருமை மாதிரி ஒரு மிருகத்தின் மேல் ஏறிக்கொண்டு பழம் பறிக்கிறார்கள். "ரெண்டு மணி நேரம் பழம் பறிக்கவா காசு குடுத்தோம்?" என்றது கண்ணாடி.

"உங்களுக்கெல்லாம் எப்பப் பாத்தாலும் வெட்டணும், குத்தணும்" என்று பாய்ந்தாள் தங்கை மகள். "அப்பன் கண்ணுல படாம அந்தப் பையன் ஒரே ஒரு நாள் தன் இஷ்டத்துக்கு இருக்கான். அது பொறுக்கலையா?"

என் மகன் ஒன்றும் சொல்லவில்லை. அவன் பேசாமலிருந்ததை நான் கவனித்திருக்க வேண்டும்.

நாலு பேரும் ஒரே குரலில் திட்டிய விஷயம் ஒன்று உண்டு. க்ளூ.

விளையாட்டில் வழி அடைத்துக்கொள்ளும். எந்தச் சக்கரத்தைச் சுற்றினால் எந்தக் கதவு திறக்கும் என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும். அதுதான் ருசியே. ஆனால் க்ரேடோஸோடு எப்போதும் யாராவது துணைக்கு வருகிறார்கள். பையன் இல்லாவிட்டால் மிமிர். இந்த மிமிர் வெறும் தலை. உடம்பு கிடையாது. க்ரேடோஸின் இடுப்பில் தொங்கிக்கொண்டு வாய் ஓயாமல் பேசும். நாம் புதிருக்கு எதிரே போய் நின்று மூச்சு விடுவதற்குள், 'அதோ அந்தச் சக்கரத்தைப் பார்த்தாயா, அதில் கோடாலியை எறியலாமே' என்கிற ரீதியில் ஆரம்பித்துவிடுகிறார்கள்.

"யோசிக்கவே விடமாட்டேங்கறாங்க மாமா" என்று என்னிடமே முறையிட்டாள் தங்கை மகள். "நமக்கே தெரிஞ்சிருக்கும். அதுக்குள்ள சொல்லிடுவாங்க. கண்டுபிடிச்ச சந்தோஷமே போயிடும்."

"நல்ல எண்ணத்துலதானே சொல்றாங்க?" என்றேன்.

"எல்லாரும் நல்ல எண்ணத்துலதான் சொல்றாங்க" என்றான் மகன். என்னைப் பார்க்காமல்.

"2024-ல கம்ப்யூட்டருக்கு வந்தப்ப, க்ளூவைக் குறைச்சுக்க ஒரு செட்டிங் வெச்சாங்க" என்றாள் அவள். கம்ப்யூட்டரில்தான் விளையாடுகிறாள். ஸோனி அக்கவுன்ட் இருந்தால்தான் விளையாடலாம் என்று கம்ப்யூட்டர்காரர்களைக் கட்டாயப்படுத்தியதில் ஏற்கெனவே செம கடுப்பு. அந்தக் கட்டாயத்தை 2025 ஜனவரியில் நீக்கப்போவதாக அறிவித்த பிறகுதான் அடங்கினாளாம். "ஜனங்க திட்டினா கேக்கறாங்க மாமா. அது வரைக்கும் பரவாயில்லே."

எல்லோரும் போன பிறகு மகன் மட்டும் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தான். நான் பேப்பரை மடித்தேன்.

"டேய், பாங்க் எக்ஸாமுக்கு அப்ளிகேஷன் இந்த மாசம் கடைசி தேதி. போட்டோ எடுத்தியா? வெள்ளை பேக்ரவுண்டு. காது தெரியணும். கையெழுத்தைக் கறுப்பு மசியில்..."

"அப்பா, இதைக் கொஞ்சம் பாருங்களேன்."

திரையில் ஒரு விரிகுடா. நடுவில் தீவு மாதிரி ஒரு பிரம்மாண்டமான திமிங்கிலம். உடம்பெல்லாம் சங்கிலி. பெயர் லிங்பாக்ர். பல காலம் முன்னால் ஓடின் மனசு குளிரவேண்டும் என்பதற்காக அதைக் கட்டிப்போட்டது இந்த மிமிர்தான். உடம்போடு இருந்த காலத்தில் செய்த காரியம். இப்போது தலையாகத் தொங்கும்போது மனசாட்சி அரிக்கிறது. அதனால் க்ரேடோஸ் படகில் போய் ஒவ்வொரு சங்கிலியாக அறுக்கிறார்.

கடைசிச் சங்கிலியும் அறுந்தது. நான் கைதட்டத் தயாரானேன்.

திமிங்கிலம் நகரவில்லை.

"ஏன்டா, இன்னும் ஏதாவது பட்டனை அமுக்கணுமா?"

"இல்லப்பா. அவ்ளோதான். ரொம்ப நாள் கட்டிப் போட்டிருந்ததால அதுக்கு இனிமே போகத் தெரியலே."

இடுப்பில் தொங்கிய தலை வருத்தமாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. பையன் டி.வி. சத்தத்தைக் குறைத்தான்.

"எனக்குப் பெங்களூர்ல வேலை கிடைச்சிருக்கு. பத்து நாள் ஆச்சு, லெட்டர் வந்து. அம்மாகிட்ட சொல்லிட்டேன். உங்ககிட்ட சொல்லலே."

"ஏன்டா? நான் என்ன வேணாம்னா சொல்லப்போறேன்?"

"வேணாம்னு சொல்ல மாட்டீங்க. எந்த பஸ்ஸுல போகணும், எந்தப் பக்கம் ஸீட்டு புக் பண்ணணும்னு ஆரம்பிச்சிருவீங்க. நான் ஒரு பத்து நாள் நானே யோசிச்சுப் பாக்கணும்னு நெனச்சேன். அவ்ளோதான்."

கோபம் வந்தது. வந்த கோபத்தைக் காட்டலாமென்று சமையலறைக்குப் போனேன். பத்தினி தோசைக்கு அரைத்துக்கொண்டிருந்தாள்.

"பத்து நாளா உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாது?"

"நான் என்னைக்காவது வாயைத் திறந்து முடிக்கிறதுக்குள்ள நீங்க பதில் சொல்லாம இருந்திருக்கீங்களா?" என்று கிரைண்டரை நிறுத்தாமலே கேட்டாள்.

யோசித்துப் பார்த்தேன். பையனுக்கு நாலு வயசில் ப்ளாஸ்டிக் கட்டைகள் வாங்கிக் கொடுத்து, கோபுரத்தை நானே கட்டி முடித்தேன். எட்டாவதில் அவனுடைய ஸயன்ஸ் ப்ராஜெக்டுக்கு முதல் பரிசு கிடைத்தது. பரிசை அவன் வாங்கினான், ராத்திரி முழுக்க ஒட்டியது நான். இஞ்சினீயரிங் கவுன்சலிங்கில் காலேஜ் வரிசையை எக்ஸெல்லில் போட்டதும் நான்தான். எல்லாம் நல்ல எண்ணத்தில். இடுப்பில் தொங்காத குறை.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. விடியற்காலை இரண்டு மணிக்கு ஹாலுக்கு வந்தால், பையன் கடைசிக் கட்டத்தில் இருந்தான். பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்தேன். (இன்னும் விளையாடாதவர்கள் இந்த ஒரு பாராவைத் தாண்டிவிடவும்.) யுத்தம் முடிந்ததும் அட்ரியஸ் அப்பாவிடம் வந்து, மிச்சமிருக்கும் அரக்கர் குலத்தைத் தேடி நான் மட்டும் தனியாகப் போகவேண்டும் என்கிறான். மூன்று பாகத்தில் ஒரு மலைக் கடவுள்களையே துவம்சம் செய்த மனிதர், பையனைக் கட்டிக்கொள்கிறார். தடுக்கவில்லை. 'ஸ்வெட்டர் எடுத்துக்கிட்டியா' என்று கேட்கவில்லை. போகவிட்டுவிட்டு நிற்கிறார்.

க்ரேடோஸுக்குக் குரல் கொடுத்த கிறிஸ்டஃபர் ஜட்ஜ் 2022 டிசம்பரில் சிறந்த நடிப்புக்கான பரிசு வாங்கியபோது மேடையில் எட்டு நிமிஷம் பேசினாராம். அதை இன்னும் கிண்டல் பண்ணுகிறார்கள். இரண்டு விளையாட்டு முழுக்க உறுமிக்கொண்டே இருந்த மனுஷன், பாவம், பேசட்டுமே!

அந்த நேரத்தில் நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "எப்பக் கிளம்பறே?"

"ஞாயித்துக்கிழமை ராத்திரி. பெங்களூர் மெயில்."

லோயர் பெர்த்தா என்று கேட்கவில்லை. வாசகர்கள் இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளவும்.

சென்ட்ரலில் வண்டி நகர்ந்தபோதும் சாதித்துவிட்டேன். ஜன்னல் பக்கம் நின்று, வாய்க்குள் ஏழெட்டு யோசனைகளை மென்று விழுங்கிக்கொண்டு, கையை மட்டும் ஆட்டினேன். "உடம்பு சரியில்லையாங்க?" என்றாள் பத்தினி.

நாலாம் நாள் ஃபோன் வந்தது.

"அப்பா, வீடு பாத்தாச்சு. ஓனர் பத்து மாச வாடகையை அட்வான்ஸா கேக்கறார்."

பத்து மாசமா! அநியாயம்! எனக்கு நாக்கு நுனியில் வந்துவிட்டது. முப்பத்தைந்து வருஷ பாங்க் அனுபவம், மூன்று ஊரில் வாடகைக்குக் குடியிருந்த ஞானம். பேரம் பேசுவது எப்படி என்று ஒரு தொடர் கட்டுரையே எழுதலாம். பல்லைக் கடித்துக்கொண்டேன். ஒன்று, இரண்டு, மூன்று...

"அப்பா? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன். நீ என்ன நெனக்கிறே?"

இந்த வாக்கியத்தை இருபத்துமூன்று வருஷத்தில் அவனிடம் முதல் தடவையாகச் சொல்கிறேன் என்று நினைக்கிறேன். அந்தப் பக்கம் ஒரு நிமிஷம் சத்தமே இல்லை.

"நான் பேசி ஆறு மாசமாக் குறைச்சிட்டேன். பெயின்ட் அடிக்கிற செலவு அவரோடதுன்னு எழுதியும் வாங்கிட்டேன். உங்ககிட்ட சொல்லலாம்னுதான் ஃபோன் பண்ணேன்."

பெயின்ட் விஷயம் எனக்குத் தோன்றியிருக்காது. சத்தியம்.

"நல்லதுப்பா" என்றேன். குரல் கொஞ்சம் பிசிறியது. உறுமலாக மாற்றிச் சமாளித்தேன். ஃபோனை வைத்ததும், "மலை ஏறி இறங்கின மாதிரி ஏன் இப்படி மூச்சு வாங்குது?" என்று கேட்டாள் பத்தினி.

ஹாலில் இப்போது மாமியார்கள் திரும்பி வந்துவிட்டார்கள். எட்டரை மணிக்கு அழுகிறார்கள். மொட்டைத் தலை ஆசாமி இல்லாமல் டி.வி. என்னவோ வெறிச்சென்றுதான் இருக்கிறது.

ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ராத்திரி பதினோரு மணிக்கு, வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, பையனுக்கு ஒரே ஒரு வாட்ஸ்அப் அனுப்பினேன்: 'அட்வான்ஸுக்கு மறக்காமல் ரசீது வாங்கவும்.'

அந்த கேமிலும் க்ளூவைக் குறைக்கத்தான் செட்டிங் வைத்தார்களாம். அடியோடு நிறுத்த என்று யாரும் சொல்லவில்லையே!