ஊர் முழுகும், பாஷை நனையாது

உலகம் ஒருமுறை அழிந்துவிட்டால் மிஞ்சிய மனிதர்கள் என்ன பாஷை பேசுவார்கள்? நம் எழுத்தாளர்களிடம் இதற்கு இரண்டே விடைகள். ஒன்று அப்பழுக்கில்லாத செந்தமிழ். மற்றது காட்டுக் கூச்சல்.

முதலாவதற்கு மூலம் இறையனார் களவியலுரை. பழைய மதுரையையும் கபாடபுரத்தையும் கடல் கொண்ட கதை அங்கேதான் இருக்கிறது. அதை வைத்துக் கதை பண்ணுகிறவர்கள் ஊரை முழுக்கிவிடுகிறார்கள். பாஷையை மட்டும் நனையவிடுவதில்லை. உயிர் தப்பிக் கரையேறியவன் தலையைத் துவட்டுமுன் தூய தமிழில் பிரசங்கம் செய்கிறான்!

இரண்டாவதற்கு 2015-ல் வந்த ‘பாகுபலி’. காலகேயர்களுக்கென்று மதன் கார்க்கி ‘கிளிக்கி’ என்ற பாஷையையே உண்டாக்கினார். சுமார் 750 சொற்கள், இலக்கணம், எல்லாம் உண்டு. உழைப்பை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தச் சொற்களுக்குத் தாய் தகப்பன் கிடையாது. அவற்றைப் பேசுகிறவன் வெட்டுப்பட்டு விழுந்தால் நமக்கு ஒன்றும் வலிப்பதில்லை. புரியாத பாஷைக்காரனைக் கொல்வது எவ்வளவு சுலபமாகிவிடுகிறது, பாருங்கள்.

ரஸ்ஸல் ஹோபன் 1980-ல் எழுதிய ‘ரிட்லி வாக்கர்’ நாவலில் அணுகுண்டு விழுந்து யுகம் கழிந்த இங்கிலாந்தைப் பற்றிப் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் சொல்கிறான். ஹோபன் இருக்கிற இங்கிலீஷையே தேய்த்தார். கான்டர்பரி ‘கேம்ப்ரி’ ஆகிவிட்டது. டோவர் துறைமுகம் ‘டூ இட் ஓவர்’, அதாவது ‘மறுபடி செய்’. பிரைம் மினிஸ்டர் ‘ப்ரை மின்சர்’. முதலில் சிரிக்கிறோம். பிறகு, இந்தப் பையன் நம் வம்சம் என்று உறைக்கிறது.

இந்த வித்தைக்கு மதுரையைவிட வாகான ஊர் ஏது? 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்தார். மதில் மறைந்தது, கீழவாசலும் தெற்குவாசலும் வாசல் இல்லாமலே வாழ்கின்றன. அந்த வேலையில் இருந்த மாரட்டும் பெருமாள் மேஸ்திரியும் வீதிகளாகிவிட்டார்கள். மாரட் வீதியில் சாமான் வாங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு அது ஒரு வெள்ளைக்காரன் பெயர் என்று தெரியும்? இன்னும் ஆயிரம் வருஷம் போகட்டும். கோபுரம் சாய்ந்த மேட்டில் ஆடு மேய்க்கிறவன் ‘மாராட்டு’க்குக் கிடா வெட்டுவான். பெரியார் பஸ் நிலையம் இருந்த திடலில் ‘பெரியாரப்பன்’ எழுந்தருளி விபூதி கொடுப்பான். பெரியவர் பொறுத்துக்கொள்ள வேண்டும். அழிவு என்பது அப்படித்தான் கேலி செய்யும்.

இப்படி எழுதினால் வாசகருக்குப் புரியாது என்று பதிப்பாளர்கள் கையை விரிக்கலாம். 1976-ல் ‘கோபல்ல கிராமம்’ வந்ததே, கரிசல் பேச்சை நீங்கள் பழகிக்கொள்ளவில்லையா? சுற்றுலாக்காரர்கள்கூட நாலு நாளில் மதுரைப் பேச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள்.