சைக்கிள் கடைக்காரர் பேசிய கூட்டம்

நம் நாட்டில் பல ஊர்களில் என்ஜினீயர்கள் சங்கம் இருக்கிறது. உறுப்பினர்கள் கூடுகிறார்கள். வெளியூரிலிருந்து ஒரு பிரமுகரை அழைத்துப் பேசச் சொல்லுகிறார்கள். பொன்னாடை போர்த்துகிறார்கள். காப்பி சாப்பிட்டுக் கலைகிறார்கள். மறுநாள் பத்திரிகையில் செய்தி வருகிறது. யார் பேசினார் என்பது அதில் இருக்கும். என்ன பேசினார் என்பது பெரும்பாலும் இருக்காது!

"இந்தக் கூட்டங்களால் யாருக்கு என்ன லாபம்?" என்று கேட்கிறவர்கள் உண்டு. லாபம் உண்டு என்பதே நம் கட்சி. ஆனால், மேடையில் யாரை ஏற்றுகிறார்கள், அவர் எதைச் சொல்லுகிறார் என்பதைப் பொறுத்தது அது. அமெரிக்காவில் 1901-ம் ஆண்டு நடந்த ஒரு கூட்டத்தை இதற்குச் சாட்சியாக அழைக்கலாம்.

சிகாகோ நகரில் 1869-ம் ஆண்டு என்ஜினீயர்கள் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார்கள். பின்னால் அதற்கு "மேற்கத்திய என்ஜினீயர்கள் சங்கம்" என்று பெயர் வந்தது. 1901-ல் அதன் தலைவர் ஆக்டேவ் சனூட். ரெயில் பாதைகளும் பாலங்களும் கட்டிப் பேர் வாங்கிய பெரியவர். அப்போது அவருக்கு வயது 69. மனிதன் பறக்க முடியுமா என்பதில் அவருக்குத் தீராத ஆசை.

அந்தப் பெரியவர் தம் சங்கத்தில் பேச யாரை அழைத்தார் தெரியுமா? டேட்டன் என்ற ஊரில் சைக்கிள் கடை வைத்திருந்த வில்பர் ரைட்டை! வில்பர் கல்லூரிப் படியை மிதித்தவர் அல்ல. உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ்கூட அவர் கையில் இல்லை. தம்பி ஆர்வில்லுடன் சேர்ந்து, கடற்கரை மணல்மேட்டில், என்ஜின் இல்லாத பறக்கும் இறக்கைகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். அந்த ஆண்டுச் சோதனை ஏமாற்றமாக முடிந்தது. கணக்குப்படி தூக்க வேண்டிய எடையில் மூன்றில் ஒரு பங்கைத்தான் இறக்கை தூக்கியது. அண்ணனும் தம்பியும் மனம் சோர்ந்து ஊர் திரும்பியிருந்தார்கள்.

அந்த நேரத்தில் அழைப்பு வந்தது. வில்பர் தயங்கினார். தங்கை காதரின் பள்ளி ஆசிரியை. "போய்த்தான் ஆகவேண்டும்" என்று நச்சரித்து அவரைச் சம்மதிக்க வைத்தார். உடுப்பிலே தம்பிதான் நேர்த்தியானவர். ஆகவே தம்பியின் சட்டையையும் மேல்கோட்டையும் போட்டுக்கொண்டு அண்ணன் ரெயில் ஏறினார்.

இன்னொன்றும் உண்டு. கூட்டத்துக்குப் பெண்களையும் அழைக்கலாமா என்று சனூட் கேட்டிருந்தார். "ஏற்கனவே நான் பயப்படக்கூடிய அளவுக்குப் பயந்துவிட்டேன், பெண்கள் வருவதால் அது கூடப்போவதில்லை" என்ற கருத்தில் வில்பர் வேடிக்கையாகப் பதில் எழுதினார்.

1901 செப்டம்பர் 18-ந் தேதி கூட்டம் நடந்தது. வில்பர் திரையில் படங்கள் காட்டிப் பேசினார். ஒரு காகிதத்தைக் கையிலிருந்து விட்டால் அது நேராக விழாமல் எப்படிப் புரண்டு தள்ளாடுகிறது என்பதை எடுத்துக்காட்டினார். பறப்பதில் கடினமான பகுதி இந்தத் தள்ளாட்டத்தை அடக்குவதுதான் என்றார். முரட்டுக் குதிரையை வேலிமேல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தால் ஓட்டக் கற்க முடியாது, ஏறித்தான் பார்க்க வேண்டும் என்பது அவர் சொன்ன உவமை. தம் சோதனையில் எது நடக்கவில்லை என்பதையும் ஒளிக்கவில்லை. ஜெர்மனியின் புகழ் பெற்ற லிலியன்தால் தயாரித்த அட்டவணையே சரிதானா என்று சபையில் சந்தேகம் எழுப்பினார்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. படித்தவர்கள் சபையில் ஒன்றைச் சொல்லிவிட்டால், அதை நிரூபித்தாக வேண்டும் அல்லவா? சகோதரர்கள் கடைக்குள்ளேயே ஒரு மரப்பெட்டி செய்தார்கள். நீளம் 6 அடி. உள்ளே 16 அங்குலச் சதுரம். ஒரு முனையில் காற்றாடி. இரும்பு அறுக்கும் ரம்ப பிளேடுத் துண்டுகளையும் சைக்கிள் ஆரக்கம்பியையும் கொண்டு ஒரு தராசு. ஏறக்குறைய 200 சின்னஞ்சிறு இறக்கைகளை அதில் வைத்துக் காற்றின் தூக்குதலை அளந்தார்கள். பெரிய பிழை லிலியன்தாலின் அட்டவணையில் இல்லை! நூறு ஆண்டுக்கு மேலாகப் பலரும் பயன்படுத்திவந்த வேறொரு எண்ணில் அது ஒளிந்திருந்தது.

1903 டிசம்பர் 17-ந் தேதி அவர்கள் விமானம் பறந்தது. முதல் தடவை 12 வினாடி, 120 அடி. ஒரு சொற்பொழிவினால் விமானம் பறந்துவிட்டது என்று நாம் சொல்லவில்லை. அவர்களுடைய உழைப்பினால் பறந்தது. ஆனால், சோர்ந்து கிடந்த நேரத்தில் அவர்களைப் பழைய கணக்கை மீண்டும் எடுத்துப் பார்க்கத் தூண்டியது அந்த மேடை.

நம் சங்கங்களுக்கு இதைத்தான் சொல்ல விரும்புகிறோம். பட்டம் பெற்றவர்களே பட்டம் பெற்றவர்களுக்குப் பேசுவதில் தவறில்லை. அதோடு நின்றுவிட்டால்தான் நஷ்டம். நாற்பது ஆண்டு ஆழ்குழாய்க் கிணறு போட்டவருக்கு அந்த ஊர் மண்ணுக்கு அடியில் எந்த ஆழத்தில் பாறை, எங்கே தண்ணீர் என்பது தெரியும். வீட்டுக் கூரை ஏன் ஒழுகுகிறது என்று கொத்தனாருக்குத் தெரியும். கோவை ஜி.டி.நாயுடு எந்தக் கல்லூரியில் படித்தார்?

"அவர்களுக்கு மேடையில் பேச வராதே" என்பார்கள். வில்பருக்கும் பழக்கம் இல்லைதான். இங்கிலீஷ் வராது என்றால், தமிழில் பேசட்டும். கேட்கிறவர்களுக்கும் அதுதான் சவுகரியம். பட்டறைக்காரர் பேசும் அன்று, அவர் மனைவியும் பிள்ளைகளும் முன்வரிசையில் உட்காரட்டும்.

வருகிற பிரமுகரிடமும் ஒரு வேண்டுகோள். கட்டி முடித்த பாலத்தின் படத்தை எல்லோரும் பார்த்திருக்கிறோம். கட்டும்போது எது விரிசல் விட்டது, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள். இளம் என்ஜினீயர்களுக்கு அது பத்துப் புத்தகத்துக்குச் சமம்.

சிகாகோ சங்கம் வில்பரின் பேச்சைக் காற்றில் விடவில்லை. அந்த ஆண்டு டிசம்பரிலேயே தன் இதழில் அச்சிட்டது. 1903 ஜூனில் அவரை மறுபடியும் அழைத்தது. விசுவேசுவரய்யாவின் பிறந்த நாளான செப்டம்பர் 15-ந் தேதி நம் நாட்டில் என்ஜினீயர்கள் தினம். அன்றைய கூட்டத்தில் ஒரு பட்டறைக்காரரைப் பேச வைத்து, அவர் பேச்சை நான்கு பக்கத்தில் தமிழில் அச்சிட்டு, ஊர்த் தொழிற்பயிற்சி நிலையத்துக்கும் நூலகத்துக்கும் அனுப்பலாம். பொன்னாடைச் செலவைவிட அதிகம் ஆகாது.