சாந்தா அம்மா சொன்னதில் பாதியைத்தான் நாம் கேட்டோம்

ஜனவரி 19, அடையாறு புற்றுநோய் மருத்துவமனையின் டாக்டர் வி. சாந்தா அம்மா மறைந்த நாள். 2021-ல், 93 வயதில் போனாங்க. அந்த நாள் வந்தால் நம் உழவர் வாட்ஸ்அப் குழுக்களில் அவங்க படம் சுற்றும். கீழே, 'பூச்சிக்கொல்லியை ஒழிப்போம், புற்றுநோயை ஒழிப்போம்' என்று எழுதியிருக்கும். அந்த வரி தப்பில்லை. ஆனால் பாதிதான். விட்டுப்போன மீதிப் பாதி நம் வெற்றிலைப் பெட்டியில் இருக்கிறது.

முதலில் அவங்க வாழ்க்கை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்த வலியில் பிறந்ததுதான் 1954-ல் 12 படுக்கைகளோடு தொடங்கிய அடையாறு மருத்துவமனை. அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியோடு 1955-ல் வந்து சேர்ந்தவர் சாந்தா. எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையில் அரசு வேலை கையில் இருந்தது. அதை விட்டுவிட்டு, புற்றுநோய் என்றாலே சாவு என்று ஊர் நம்பிய காலத்தில் இந்தப் பக்கம் வந்தாங்க. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மருத்துவமனை வளாகத்திலேயே குடியிருந்து, கடைசி வரை நோயாளிகளோடே வாழ்ந்தாங்க. 2005-ல் மகசேசே விருது, 2016-ல் பத்ம விபூஷண் எல்லாம் தேடி வந்தன. காசில்லை என்பதற்காக யாரும் திரும்பிப் போகக்கூடாது என்பதுதான் அந்த இடத்தின் கொள்கை.

சிகிச்சையோடு அவங்க நிற்கவில்லை. சென்னையில் யாருக்கு, எந்த உறுப்பில், எந்த வயதில் புற்று வருகிறது என்று 1980-களிலிருந்து பதிவேடு எழுத வைத்தாங்க. கணக்கு எழுதாத கடைக்கு லாப நஷ்டம் தெரியாது என்பது வங்கியில் உட்கார்ந்த எனக்கு நன்றாகவே புரியும். பதிவேடு வந்த பிறகுதான், பெண்களிடம் கருப்பைவாய்ப் புற்று முன்னணியில் இருந்ததும், பின்னால் மார்பகப் புற்று அதை முந்தியதும் தெரிந்தது. வாய்ப் புற்றுக்குப் பின்னால் புகையிலை இருப்பதை அந்த மருத்துவமனை ஓயாமல் சொல்லிக்கொண்டே இருந்தது. புகையிலைப் பழக்கத்தை விட உதவும் மையமும் அங்கே உண்டு.

இப்போ நம்ம கதைக்கு வருவோம். பிரான்சின் லியோன் நகரில், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இருக்கிறது. லிண்டேன் பூச்சிக்கொல்லியைப் புற்றுநோய் தரும் பொருட்களின் முதல் பட்டியலில் 2015-ல் சேர்த்தது அதுதான். தேயிலைத் தோட்டங்களில் அடிக்கும் கிளைபோசேட் களைக்கொல்லியையும், மாலத்தியானையும் 'அநேகமாகப் புற்றுநோய் தரக்கூடியவை' என்ற அடுத்த பட்டியலில் வைத்தது. நம் கூட்டங்களில் இதை மேற்கோள் காட்டாதவர் இல்லை. மேல்சட்டைகூடப் போடாமல் மருந்து டப்பாவை முதுகில் மாட்டிக்கொண்டு நடக்கிற தொழிலாளியை நினைத்தால், நாம் பேசுவது நியாயம்தான்.

ஆனால் அதே அமைப்பு, புகையிலையையும் மதுவையும் முதல் பட்டியலில் வைத்திருக்கிறது. 2004-ல் வெளியிட்ட அறிக்கையில் புகையிலை சேர்க்காத வெறும் பாக்கையும் அங்கேயே வைத்தது. இதை நம் மேடையில் யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டதில்லை. காரணம் எல்லோருக்கும் தெரியும். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் நம் தோழர்கள் பலருக்குப் பாக்குதான் வருமானம். பஞ்சகவ்யம் தெளித்து வளர்த்தாலும் பாக்கு பாக்குதாங்க. சான்றிதழ் வாங்கிவிட்டதால் அதன் குணம் மாறிவிடாது.

நாளைக்கே மரத்தை வெட்டுங்கள் என்று நான் சொல்லவில்லை. காய்ப்பில் இருக்கிற மரத்தை வெட்டச் சொல்ல எனக்கு என்ன உரிமை? புதிதாக நடும்போது யோசியுங்கள் என்கிறேன். காப்பி, மிளகு, ஜாதிக்காய் எல்லாம் இந்த மண்ணுக்குப் பழகியவைதானே.

இன்னொன்றும் மனதை உறுத்துகிறது. இயற்கை அங்காடிகளில் முள் சீத்தாப்பழத்தின் மேல், 'கீமோவை விடப் பத்தாயிரம் மடங்கு சக்தி' என்று அட்டை தொங்குகிறது. ஆய்வுக்கூடத்துத் தட்டில் ஒரு சாறு செல்லைக் கொல்வது வேறு, மனிதர் உடம்பில் நோயைக் குணமாக்குவது வேறு. அந்த அட்டையை நம்பி ஒருவர் நாலு மாதம் தள்ளிப்போட்டால், அவருக்கு நாம் விற்றது பழமா? இயற்கை உணவு மண்ணுக்கு நல்லது, உண்பவருக்கும் நல்லது. அது மருத்துவம் ஆகிவிடாது. இப்படிப் பேசினால் நம் இயக்கத்தின் நல்ல வார்த்தையையும் ஒருநாள் யாரும் நம்ப மாட்டார்கள்.

தாமதம்தான் பெரிய எதிரி. வங்கியில் ஒரு தவணை தவறினாலே ஆளனுப்பி விசாரிப்போம். 90 நாள் தாண்டினால் வாராக்கடன் ஆகிவிடும். உடம்பு விஷயத்தில் மட்டும் நாம் கேட்பதே இல்லை. கடைசித் தாலிக்கொடியும் அடகுக்கு வந்தபோது, நோய் முற்றிப்போயிருந்த குடும்பங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தெப்பக்காட்டிலிருந்து ஒருவர் ஊட்டிக்கோ கூடலூருக்கோ போய் வந்தால் ஒரு நாள் கூலி போச்சு. கோயம்புத்தூர், மைசூர் என்றால் துணைக்கு வருபவர் கூலியும் சேர்ந்து போச்சு. அதனால் வாயில் வெள்ளைத் திட்டு வந்தாலும், புண் மாதக்கணக்கில் ஆறாவிட்டாலும், வாயை முழுசாகத் திறக்க முடியாவிட்டாலும், 'சூட்டுப் புண்ணு, சரியாயிடும்' என்று சொல்லிக்கொள்கிறோம்.

சாந்தா அம்மாவுக்கு நாம் படம் மாட்ட வேண்டாம். மூன்று காரியம் செய்தால் போதும்.

ஒன்று, கூலியோடு வெற்றிலைபாக்குக் காசு கொடுக்கும் வழக்கத்தை நிறுத்தி, அந்தக் காசைக் கூலியிலேயே சேர்த்துக் கொடுப்போம். நம் கூட்டங்களில் புகையிலை கூடாது. தாம்பூலம் மரியாதைக்குத் தட்டில் இருக்கட்டும், வாய்க்குப் போக வேண்டாம்.

இரண்டு, நம் அங்காடிகளில் 'புற்றுநோயைக் குணமாக்கும்' என்ற அட்டை எதுவும் தொங்கக்கூடாது.

மூன்று, வருஷத்தில் ஒரு மாதக் கூட்டத்தை ஆரம்ப சுகாதார நிலையத்தோடு சேர்ந்து நடத்துவோம். நம்மிடம் வேலை செய்பவர்களும் வரட்டும், அன்றைக்குக் கூலி பிடிக்கக்கூடாது. எல்லோருக்கும் வாய்ப் பரிசோதனை, 30 வயதைத் தாண்டிய பெண்களுக்குக் கருப்பைவாய், மார்பகப் பரிசோதனை. விதைத் திருவிழா நடத்தத் தெரிந்த நமக்கு இது பெரிய வேலை இல்லை.

விதைக்கும் முன்பே விதை நேர்த்தி செய்கிறவர்கள் நாம். வருமுன் காப்பதை நமக்கு வேறு யாரும் விளக்க வேண்டியதில்லை. வரும் மாதக் கூட்டத்தில் இந்த மூன்றையும் தீர்மானமாக வைக்கலாம். மறுப்பவர்கள் மறுக்கட்டும், பேசுவோம்.