மடமும் மிஷனும் தருவது

திருப்பதியிலிருந்து காளஹஸ்தி போகும் வழியில் இருக்கிறது ஏர்பேடு. அங்கே 1926-இல் வியாசாசிரமத்தை நிறுவியவர் கேரளத்திலிருந்து வந்த ஒரு துறவி. தெலுங்கு மக்கள் அவரை மலையாள சுவாமி என்றே அழைத்தார்கள். (வெளியூர்க்காரனுக்கு அவன் ஊரே பேராகிவிடும் என்பது நமக்குத் தெரியாததா!) பெண்களுக்கும், சூத்திரர் என்று ஒதுக்கப்பட்டோருக்கும் அவர் சமஸ்கிருதமும் வேதாந்தமும் கற்பித்தார். வைதிகர்கள் எதிர்த்தார்கள். அவர் விடவில்லை.

அதற்கும் முன்பே, அன்றைய சித்தூர் மாவட்டத்து மதனப்பள்ளியில், பல கிறித்துவ மிஷன்கள் கூடி 1912-இல் காசநோய் மருத்துவமனை தொடங்கின. அதை வளர்த்தவர் டென்மார்க் மருத்துவர் பிரிமோட்-மோல்லர். கடல் கடந்து வந்த காசு நம்மவர் நுரையீரலைக் காத்தது என்பதை மறுப்பதற்கில்லை.

ஆனால் தயவாக வந்தது ஒருநாள் நின்றுபோனால் யாரிடம் போய்க் கேட்பது?

2017 மார்ச்சில் அதுதான் நடந்தது. அமெரிக்காவின் 'கம்பாஷன் இன்டர்நேஷனல்' இந்தியாவைவிட்டு வெளியேறியது. உள்ளூர்ச் சபைகள் வழியாக அது உதவிவந்த குழந்தைகள் ஏறத்தாழ 1,45,000 பேர். மதமாற்றத்துக்குப் பணம் போகிறது என்றது மத்திய அரசு, நிறுவனம் மறுத்தது. வழக்காடியவர்கள் பெரியவர்கள், சாப்பாடும் பள்ளிக் கட்டணமும் இழந்தவர்கள் சிறுவர்கள்.

வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-இல் பிறந்தது. 2020 திருத்தத்துக்குப் பிறகு, அந்தப் பணத்தைப் பெறும் அமைப்பு இன்னொரு அமைப்புக்குப் பகிர்ந்து தர முடியாது. அடி விழுந்தது கிராமத்துச் சிறு அமைப்புகளுக்கு. பெரிய அமைப்பு தன் பேரில் வாங்கிச் சின்னதற்குக் கொடுத்ததால்தான் அவற்றில் பல உயிரோடிருந்தன.

கணக்குக் கேட்க அரசுக்கு உரிமை உண்டு. ஜெபத்துக்கோ பஜனைக்கோ வந்தால்தான் நோட்டுப் புத்தகம் என்று எந்த மதம் சொன்னாலும் அது தவறே. ஆனால் வாசலை அடைத்த அரசு வேறு வாசலைத் திறந்ததா? ஏர்பேட்டில் ஐ.ஐ.டி. எழுப்ப முடிந்தவர்களுக்குச் செங்கல் சூளை ஓரத்தில், பிழைக்க வந்தவன் பிள்ளைக்கு அவன் தாய்மொழியில் ஒரு வகுப்பு நடத்த முடியாதா? அதைத் தாசில்தாரிடம் கேட்க வேண்டுமே தவிர பாதிரியாரிடமோ சாமியாரிடமோ அல்ல.

உதவி வந்தால் வாங்கிக்கொள்வோம், வெட்கமில்லை. பெயர் எழுத வருகிறவரிடம் மட்டும் நம் வீட்டுப் பெண்கள் இரண்டு கேள்வி கேட்கட்டும்: உங்கள் கமிட்டியில் எங்களில் எத்தனை பேர்? நீங்கள் போய்விட்டால் இந்தப் பிள்ளையின் அடுத்த வருடப் படிப்புக்கு யார் பொறுப்பு?