கூரை உயர ஒரு கையெழுத்து வேண்டும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல் மாணவன்)

"கூரை ஏறிக் கோழி பிடிக்க மாட்டாதவன் வானம் ஏறி வைகுண்டம் போவானா?" என்பது நம் நாட்டுப் பழமொழி. கூரை மேல் ஏற வேண்டாம், கூரையையே மேலே ஏற்றிவிடலாம் என்கிறது இன்றைய வண்டித் தொழில். ஒரு வேனின் தகரக் கூரையை வெட்டி எடுத்துவிட்டு, வேண்டும்போது எழும்பியும் வேண்டாதபோது படிந்தும் கொள்ளும் வேறொரு கூரையைப் பொருத்துகிறார்கள். உள்ளே படுக்கை, சிறு அடுப்பு, தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றை அமைக்கிறார்கள். பகலில் வண்டி, இரவில் வீடு. இதற்குப் 'பாப்-டாப் கேம்பர்' என்று பெயர்.

'கேரவன்' என்றால் நம்மவர்க்குப் படப்பிடிப்புத் தளத்தில் திரை நட்சத்திரங்கள் ஓய்வெடுக்கும் வண்டிதான் நினைவுக்கு வரும். பணக்காரர் விளையாட்டைப் பற்றி அரசுக் கல்லூரி மலரில் என்ன கட்டுரை என்று நண்பர்கள் நகைக்கலாம். ஓராண்டுக்கு முன்பு நானும் அப்படித்தான் நகைத்தேன். என் நகைப்பை நிறுத்தியது எங்கள் பட்டறைக்கு வந்த ஒரு வேன்.

பட்டறைக்கு வந்த வேன்

என் ஊர் படப்பை. வீட்டை அடுத்த தோட்டத்திற்குப் பழந்தமிழில் படப்பை என்று பெயர். இன்று எங்கள் சாலையோரத்தில் தோட்டம் குறைவு, பட்டறைகள் அதிகம். தாம்பரத்திலிருந்து ஒரகடம் செல்லும் வண்டிகள் இரவும் பகலும் ஓடும் அச்சாலையில், என் தந்தையார் டிங்கர் வேலை செய்கிறார். நசுங்கிய கதவை நிமிர்த்துவதும், துருப்பிடித்த தரையை வெட்டிப் புதுத் தகடு வைத்துப் பற்ற வைப்பதும் அவர் தொழில். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் அவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்.

சென்ற கோடை விடுமுறையில் நான் பட்டறையில் எடுபிடியாக இருந்தபோது, ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் பழைய வேன் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார். உள்ளே அவர் மனைவியார் அமர்ந்திருந்தார். முதுகுத் தண்டில் கோளாறு, குனிய முடியாது. வேனுக்குள் நிமிர்ந்து நிற்கவும் இடமில்லை. விடுதி மாடிப்படி ஏறுவதும் இயலாத காரியம்.

"மேஸ்திரி, இவளை ஒரு தடவை ராமேசுவரம் கூட்டிட்டுப் போகணும். கூரை மட்டும் தூக்கிக் கொடுத்தா உள்ளேயே நின்னு புடவை மாத்திக்குவா, படுத்துக்குவா. செய்வீங்களா?" என்று கேட்டார் ஆசிரியர்.

தந்தையார் வண்டியைச் சுற்றி வந்தார். கூரையை விரலால் தட்டிப் பார்த்தார். அளவுகோலால் அளந்தார். பிறகு சொன்னார்:

"வேலை தெரியும் சார். வெட்டுறது அரை நாள் வேலை. வெட்டின வண்டி முறுக்காம நிக்கணும். அதுக்கு ஃபிரேம் போடவும் தெரியும். ஆனா நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா, இது சரியாச் செஞ்ச வேலைதான்னு சொல்ல என்கிட்ட ஒரு கையெழுத்து இல்லையே சார்."

வேன் திரும்பிப் போயிற்று. அந்த மாதம் பட்டறைக்கு வாடகை பாக்கி இருந்தது. இரவு சோற்றில் கை வைத்தபடி நான் கேட்டேன்: "தெரிஞ்ச வேலையை ஏம்ப்பா விட்டீங்க?"

"உனக்குப் பரிட்சை வைக்கிறாங்க, பாஸ் பண்ணினா பேப்பர் தர்றாங்க. என் வேலைக்குப் பரிட்சை வைக்க ஆள் இல்லடா" என்றார்.

அந்த ஒரு சொல்தான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

கூரை என்பது வெறும் மூடியா?

கூரையை வெட்டுவதில் அப்படி என்ன ஆபத்து? செருப்புக் கடையில் கொடுக்கும் அட்டைப் பெட்டியை எடுத்துக் கொள்ளுங்கள். மூடியை ஒட்டிவிட்டு இரு முனைகளையும் பிடித்து முறுக்கிப் பாருங்கள், எளிதில் முறுகாது. மூடியை எடுத்துவிட்டு முறுக்கினால் ஈரத்துணி போல் வளைந்துவிடும். அட்டை அதே அட்டைதான். மூடிய பெட்டிக்கு உள்ள வலிமை திறந்த பெட்டிக்கு இல்லை.

வேனும் ஒரு பெட்டியே. பல வேன்களில் தரை, பக்கச் சுவர், தூண், கூரை எல்லாம் சேர்ந்துதான் பாரத்தைச் சுமக்கின்றன. கூரையில் பெரிய ஓட்டை போட்டால் அந்தச் சுமையைத் தாங்க வேறு ஏற்பாடு வேண்டும். எனவே வெட்டும் முன்பே வண்டி உடல் அசையாதபடி உள்ளே முட்டுக் கொடுக்க வேண்டும். வெட்டிய விளிம்பைச் சுற்றி எஃகுச் சட்டம் அமைத்து, அதனைப் பக்கத்துத் தூண்களோடு இணைக்க வேண்டும். பற்ற வைத்த இடமெல்லாம் துருவேறாதபடி பூச்சு வேண்டும். அதற்குப் பிறகே ஃபைபர் கூரையும், அதைத் தூக்கிப் பிடிக்கும் வாயுத் தண்டுகளும், சுற்றிலும் கித்தான் துணியும் வருகின்றன. ஓடும்போது காற்று கூரையைப் பிடுங்காதபடி உறுதியான பூட்டும் தேவை.

கூரையை நிரந்தரமாக உயர்த்திக் கட்டிவிட்டால் என்ன என்று கேட்கலாம். உயர்ந்த கூரை வண்டியின் ஈர்ப்பு மையத்தை மேலே தூக்கும். வளைவில் வண்டி சாயும். எதிர்க்காற்று மோதும் பரப்பும் பெருகும். வேகம் இருமடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும் என்பது நாம் வகுப்பில் படித்ததே. மடங்கும் கூரையோ ஓடும்போது தாழ்ந்தும் நிற்கும்போது உயர்ந்தும் இருக்கிறது. சூடான காற்று மேலே போகும் என்பதால் கித்தானிலுள்ள வலைச் சாளரம் நம் சித்திரை வெயிலுக்கும் உதவும். ஆனால் ஐப்பசி மழையில் நனைந்த கித்தானை உலர்த்தாமல் மடித்தால் பூஞ்சணம் பிடிக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

ஆக, இது விளையாட்டு வேலை அன்று. முறையாகச் செய்தால் பயன். முறைகேடாகச் செய்தால் பாடை.

சட்டம் என்ன சொல்கிறது?

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதனை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு வந்த திருத்தச் சட்டம், அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் விதிக்க இடம் தந்தது. மாற்றுத்திறனாளி ஓட்டுவதற்கு ஏற்ப வண்டியை மாற்றியமைக்க அச்சட்டம் வழி வைத்திருப்பது பாராட்டத்தக்கது. தேவை உண்மையானால் கதவைத் திறக்கலாம் என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டதற்கு இது சான்று.

கேம்பர் வண்டியைச் சட்டம் அடியோடு வெறுக்கவும் இல்லை. கேரவன் வண்டிகளுக்கென்றே 'ஏ.ஐ.எஸ். 124' என்னும் தர விதி உண்டு. 2021இல் கேரள அரசு கேரவன் சுற்றுலாவுக்குத் தனிக் கொள்கையே அறிவித்தது. 2022இல் மகிந்திரா நிறுவனம், சென்னை ஐ.ஐ.டி.யில் வளர்ந்த 'கேம்பர்வேன் ஃபேக்டரி' என்னும் நிறுவனத்தோடு இத்தகைய வண்டி கட்ட ஒப்பந்தம் செய்தது. பெரிய நிறுவனம் ஒரு மாதிரியைக் கட்டி, சோதனைக்கு அனுப்பி, ஒப்புதல் பெற்று, அதே மாதிரியில் பல வண்டிகளை விற்கலாம். நல்லது, வரவேற்போம்.

ஆனால் ஒரே ஒரு வண்டிக்காக அந்தச் சோதனைச் செலவை ஒரு சிறு பட்டறை தாங்குமா? ஓய்வூதியத்தில் வாழும் ஆசிரியர் புதுக் கேரவன் வாங்குவாரா? அவரிடம் இருப்பது பழைய வேன். என் தந்தையாரிடம் இருப்பது கைத்திறன். இரண்டையும் சேர்க்கும் பாலம் இல்லை. விளைவு என்ன? மனச்சாட்சி உள்ளவர் மறுக்கிறார். அது இல்லாதவர் இருட்டில் வெட்டுகிறார். நேர்மையானவனைத் தடுத்து, நேர்மையற்றவனுக்குத் தொழிலைத் தாரை வார்க்கும் நிலை இது.

மேல்நாட்டில் நடந்தது

கேம்பர் வேன் என்றதும் உலகம் நினைப்பது ஜெர்மனியின் ஃபோக்ஸ்வேகன் வேனை. 1950இல் வெளிவந்த அந்த வேனுக்குள் 1951 முதல் படுக்கையும் அலமாரியும் அமைத்துக் கொடுத்தது வெஸ்ட்ஃபாலியா என்னும் நிறுவனம். அது கார்த் தொழிற்சாலையாகத் தோன்றியதன்று. 1844இல் ஒரு கொல்லர் தொடங்கிய பட்டறை; குதிரை வண்டிகளைக் கட்டி வந்தது. இங்கிலாந்தின் ஃபோக்ஸ்டோன் நகரில் 'டோர்மொபைல்' வண்டிகளைக் கட்டியவர்களும் கோச்சு வண்டி மரபில் வந்தவர்களே. ஒரு பக்கம் கீல் வைத்து எழும்பும் கூரையும், அதற்குக் கோடு போட்ட துணியும் அவர்கள் புகழுக்குக் காரணம். உலையும் சுத்தியலும் பிடித்த கைகளிலிருந்துதான் இத்தொழில் பிறந்தது.

அங்கே வண்டியை மாற்றுவோர் இன்றும் பலர். ஆனால் ஜெர்மனியில் மாற்றிய வண்டியை அங்கீகாரம் பெற்ற வல்லுநர் ஒருவர் நேரில் சோதித்து, அம்மாற்றத்தை வண்டிப் பத்திரத்தில் பதியச் செய்கிறார். ஒரே ஒரு வண்டியானாலும் சரி, சோதனை உண்டு. தேறினால் சான்று உண்டு. என் தந்தையார் கேட்ட பரிட்சை அதுதானே!

நான் வேண்டுவது

மேல்நாட்டில் இருப்பதெல்லாம் நமக்கு வேண்டும் என்று கூறுபவன் அல்லன் நான். நம் வீட்டிலேயே முன்மாதிரி இருக்கிறது. கரூரில் பேருந்துக் கூடு கட்டும் தொழிலை அறியாதவர் தமிழ்நாட்டில் உண்டோ? அத்தொழிலுக்கு அரசு பேருந்துக் கூடு விதியை எழுதியது. கட்டுவோருக்கு அங்கீகார முறையையும் வகுத்தது. தொழில் அழியவில்லை, விதிக்குள் வந்தது. அதே போல் இதற்கும் மூன்று காரியங்கள் செய்யலாம்.

முதலாவது, கூரை மாற்றத்திற்கென ஒரு வரைமுறை எழுத வேண்டும். எவ்வளவு வெட்டலாம், சட்டத்தின் தடிப்பு என்ன, பூட்டு எப்படி, எரிவாயு உருளையை எங்கே வைப்பது என்பதெல்லாம் எளிய தமிழில், படத்தோடு இருக்க வேண்டும்.

இரண்டாவது, டிங்கர், வெல்டர் ஆகியோர்க்குச் செய்முறைத் தேர்வு வைத்துச் சான்று தர வேண்டும். ஏட்டுக் கல்வி கேட்கக் கூடாது. கை வேலையைப் பார்த்து மதிப்பெண் போட வேண்டும்.

மூன்றாவது, வேலைக்கு முன் அனுமதி, முடிந்தபின் தனி வண்டிச் சோதனை என இரு கட்டம் வேண்டும். சோதனைக்கு டில்லிக்கா போக வேண்டும்? எங்கள் ஊரிலிருந்து ஒரகடம் அண்மையில்தான். அங்கே மத்திய அரசின் திட்டத்தில் எழுந்த வாகன ஆய்வு மையம் இருக்கிறது. 2010இல் ரெனோ-நிசான் ஆலையாகத் தொடங்கிய தொழிற்சாலையும் அங்கே இயங்கி வருகிறது. உலகுக்கு வண்டி அனுப்பும் மண்ணில், ஒரு மூதாட்டி நிமிர்ந்து நிற்க ஒரு கூரையைச் சோதித்துத் தர முடியாதா?

"வழி விட்டால் தெருவுக்குத் தெரு ஆபத்து பெருகும்" என்று சிலர் அஞ்சுவர். அந்த அச்சத்தை நான் இகழவில்லை. 2025 அக்டோபரில் கர்நூல் அருகே படுக்கைப் பேருந்து ஒன்று தீக்கிரையாகிப் பலர் மாண்ட துயரத்தை எவர் மறப்பார்? மனிதர் உறங்கும் வண்டியில் தீயும் மின்கம்பியும் அலட்சியத்திற்கு உரியவை அல்ல. ஆனால் அச்சம் நியாயமானது என்பதற்காகவே சோதனை வேண்டும் என்கிறேன். தடை மட்டும் இருந்தால் ஒளிந்து செய்வார்கள். தேர்வு இருந்தால் வெளிச்சத்தில் செய்வார்கள். தேறாத வண்டியைச் சாலையில் விடக் கூடாது. அதில் தயவு தாட்சணியம் வேண்டவே வேண்டாம்.

நண்பர்களுக்கு ஒரு சொல்

நண்பர்களே! நம்மில் பலர் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். பட்டம் பெற்றதும் தந்தையின் தொழிலைச் சொல்லக் கூசுகிறோம். முறுக்கு விசையைப் பற்றி நான் பக்கம் பக்கமாக எழுதி மதிப்பெண் வாங்குகிறேன். என் தந்தையார் தகரத்தை விரலால் தட்டியே அதனை அறிகிறார். என் அறிவுக்குச் சான்றிதழ் உண்டு. அவர் அறிவுக்கு இல்லை. இந்த வேறுபாட்டைப் போக்க உதவாத படிப்பு யாருக்குப் பயன்?

இந்த விடுமுறையில் தந்தையாரைப் பக்கத்தில் அமர்த்தி, கூரைச் சட்டம் போடும் முறையைப் படத்தோடு எழுதத் தொடங்கியிருக்கிறேன். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். நான் கணக்குப் போட்டுக் காட்ட, அவர் திருத்துகிறார். இரண்டு இடங்களில் என் கணக்கே தவறாயிருந்தது! முடித்தபின் அதனைப் போக்குவரத்துத் துறைக்கு மனுவோடு அனுப்புவதாக இருக்கிறோம். மனுவின் அடியில் இரண்டு கையெழுத்து இருக்கும். முதல் கையெழுத்து அவருடையது.