"அவள் ஏன் போனாள்?" என்று கேட்கலாமா?

2019-ல் பொள்ளாச்சி விஷயம் வெளியே வந்தபோது டீக்கடையில் ஆண்கள் பேசியது ஒரு மாதிரி, குழாயடியில் பெண்கள் பேசியது வேறு மாதிரி. "பசங்கன்னா அப்படித்தான், பொம்பளப்புள்ளதான் சூதானமா இருக்கணும்" என்றார்கள் ஆண்கள். "அவ எதுக்கு அவன் கார்ல ஏறினா? எம் பொண்ணை நான் அப்படியா வளர்த்திருக்கேன்?" என்றார்கள் பெண்கள்.

ஆண்களின் பேச்சு தப்பு செய்தவனைக் காப்பாற்றும் பேச்சு. பெண்களின் பேச்சோ பயத்தில் வருவது. அந்தப் பெண்ணிடம் ஒரு குறையைக் கண்டுபிடித்துவிட்டால், அந்தக் குறை இல்லாத நம் வீட்டுப் பெண்ணுக்கு ஒன்றும் ஆகாது என்று ஒரு நிம்மதி! காரணம் எதுவானாலும் இரண்டு பேச்சும் போய் விழுவது பாதிக்கப்பட்டவள் தலையில்தான்.

வீட்டோடு அடக்கமாக இருந்தால் போதுமா? 1992-ல் தர்மபுரி மாவட்டம் வாச்சாத்தியில், சோதனை போட வந்த அரசாங்க ஆட்களாலேயே 18 பெண்கள் சீரழிக்கப்பட்டார்களே, அவர்கள் யாருடைய காரில் ஏறினார்கள்? சொந்த ஊரில் இருந்தவர்கள்தானே!

"நேரங்கெட்ட நேரத்தில் வெளியே என்ன வேலை?" என்றும் கேட்கிறார்கள். எங்கள் கோம்பைப் பக்கம் எத்தனையோ பெண்கள் விடியும் முன்பே தூக்குச்சட்டியோடு ஜீப்பில் ஏறி, கேரளத்து ஏலத்தோட்டத்துக்குப் போய், பொழுது சாய்ந்துதான் திரும்புகிறார்கள். அந்தக் கூலியில்தான் அடுப்பு எரிகிறது. அவர்களில் ஒருத்திக்கு ஏதாவது என்றால் அப்போதும் நேரத்தையா குறை சொல்வது?

பொள்ளாச்சிக் கயவர்கள் படம் எடுத்து வைத்துக்கொண்டு மிரட்டியது எந்தத் தைரியத்தில்? ஊர் அவளைத்தான் பேசும், அவள் வாய் திறக்கமாட்டாள் என்ற தைரியத்தில்தான். புகார் கொடுத்த பெண்ணின் பெயரைப் போலீஸ் அதிகாரியே வெளியில் சொன்னார். அவளுக்கு 25 லட்ச ரூபாய் இழப்பீடு தரும்படி ஐகோர்ட் மதுரைக் கிளை உத்தரவிட்டது. இத்தனையும் தாண்டிப் பெண்கள் துணிந்து சாட்சி சொன்னதால்தான், 2025 மே 13-ல் கோவை மகளிர் கோர்ட் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது.

சகோதரிகளே, ஊரான் வீட்டுப் பெண்ணைப் பற்றி நாம் பேசுவதையெல்லாம் நம் மகள் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். நாளைக்குத் தனக்கு ஒன்று என்றால் அம்மாவிடம் சொல்லலாமா, கூடாதா என்பதை அந்தப் பேச்சை வைத்துத்தான் அவள் முடிவு செய்வாள். மகனும் கேட்கிறான் என்பதை மறந்துவிடாதீர்கள்.

- ஓர் இல்லத்தரசி, கோம்பை, தேனி மாவட்டம்.